உறவுப் படம்

வெளிநாட்டில் மானிடவியல் படிக்கும் அண்ணன் போனில் கூப்பிட்டான்.

"நம்ம வீட்டு உறவுப் படம் வரைஞ்சு குடுக்கணும், குட்டி. ஆம்பளைக்கு முக்கோணம், பொம்பளைக்கு வட்டம், செத்தவங்க மேல குறுக்குக் கோடு. பெரியப்பா?"

"கோடு."

"அத்தை?"

"இருக்காங்க. பெரிய வட்டமாவே போடு."

சிரித்தான். "அப்பாகிட்ட போனைக் குடு."

"குளிக்கிறாரு."

"இந்த மாசம் பூரா குளிக்கிறாரு. கரைஞ்சிடப் போறாரு."

நானும் சிரித்து வைத்தேன். போனை வைத்ததும் அம்மா மெல்லச் சொன்னாள்: "பரீட்சை முடியட்டும். இப்பத் தெரிஞ்சா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவான்."

கொடியில் அப்பாவின் துண்டு ஒரு மாதமாகக் காய்ந்தே கிடக்கிறது.

என் நோட்டில் அதே படத்தை வரைந்தேன். அப்பாவின் முக்கோணம் வந்ததும், அண்ணனிடம் சொல்லாத கோட்டை அதன்மேல் இழுத்தேன்.