நாற்பத்தொரு கையெழுத்து

"அண்ணா, இது அம்முலு அக்கா மோட்டார்தானே? நான் சேர்ந்த வாரம்தான் காயில் கட்டிக் குடுத்தோம். மறுபடியும் எரிஞ்சு வந்துகீது."

பஞ்சாட்சரம் தலை நிமிரவில்லை. மோட்டாருக்குள் கருகிக் கிடந்த செப்புக் கம்பியைத் தட்டித் தட்டி வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஒரு கரண்ட் லைன்ல இருந்து வர்ற மோட்டார் மட்டும் ஏண்ணா இப்படி எரியுது?" ஷீபா விடவில்லை.

"வர்ற மோட்டார கட்டறதுதான் நம்ம வேல. நீ காயில் சுத்தறத பாரு."

ஷீபா பாலிடெக்னிக் கடைசி வருஷம், எலக்ட்ரிகல். ரெண்டு மாத இன்டர்ன்ஷிப். கூடப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் யாரையோ பிடித்து சர்டிபிகேட் வாங்கிவிட்டு வீட்டில் இருந்தார்கள். அவளுக்கு அது பிடிக்கவில்லை. தானே உத்திரமேரூருக்கு வந்து, மோட்டாருக்குக் காயில் கட்டும் இந்தக் கடையில் கேட்டுச் சேர்ந்தாள். தினமும் மாகறலில் இருந்து பஸ்.

மறுநாள் மோட்டாரை எடுத்துப்போக அம்முலு வந்தாள்.

"இந்த வாட்டியாவது நிக்குமாண்ணே? கேரண்டி உண்டா?"

"உன் லைனுக்கு நான் கேரண்டி தர முடியாது" என்றார் பஞ்சாட்சரம்.

மோட்டாரை ஆட்டோவில் ஏற்ற ஷீபா கை கொடுத்தாள். அம்முலு குரலைத் தாழ்த்தினாள்.

"நாத்து காயுது, வயிறு எரியுது. உன் மொதலாளிக்கு இன்னா? எரிஞ்சாதானே அவருக்குப் பொயப்பு."

அந்தப் பேச்சு ஷீபாவை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மீட்டரை எடுத்துக்கொண்டு மாகறலுக்குப் பக்கத்தில் இருக்கும் அம்முலுவின் ஊரான காவாந்தண்டலத்துக்குப் போனாள். டிரான்ஸ்ஃபார்மரில் தொடங்கி ஒவ்வொரு பம்ப்செட்டாக வோல்டேஜ் பார்த்து எழுதினாள். முதல் கிணற்றில் நானூறு. நடுவில் முந்நூற்று ஐம்பது. கடைசியில் இருக்கும் அம்முலு கிணற்றில் முந்நூறுகூட இல்லை.

"வோல்டேஜ் கொறஞ்சா மோட்டார் கரண்ட்ட அதிகமா இழுக்கும்க்கா. காயில் சூடாகி எரிஞ்சிடும். இந்த டிரான்ஸ்ஃபார்மர் நாப்பத்தோரு மோட்டார தாங்காது. இன்னொண்ணு வெக்கணும்."

"அத யார் போய்க் கேக்கறது?"

"நான் எழுதறேன். எல்லாரும் கையெழுத்து போடுங்க."

மூன்று வாரம் ஆனது. தினமும் கடைக்குக் கிளம்பும் முன் வயல்களுக்குப் போனாள். சிலர் உடனே போட்டார்கள். சிலர் நாலு தடவை அலையவிட்டார்கள். கடைசியாக மிச்சமிருந்தவர் டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டிக் கிணறு வைத்திருந்த கிருஷ்ணசாமி.

"என் மோட்டார் நல்லாத்தானே ஓடிக்கினு கீது. நான் எதுக்குப் போடணும்?"

"இன்னும் நாலு கனெக்‌ஷன் ஏறினா உங்களுதும் எரியும் ஐயா. அன்னிக்கு நீங்க தனியா கேக்கணும். இன்னிக்கு நாப்பது பேரு கூட இருக்காங்க."

அவர் பேப்பரை வாங்கிப் பார்த்தார்.

"நீ பண்றது உன் மொதலாளிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிஞ்சா? மோட்டார் எரியலன்னா அவன் கடையில ஈ ஓட்டணும். உன் சர்டிபிகேட்ல கையெழுத்து போடுவான்னு நெனைக்கிறியா?"

அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. இன்டர்ன்ஷிப் முடிய இன்னும் ஐந்து நாள்தான்.

"போடலன்னா வேற கடையில மறுபடியும் ரெண்டு மாசம் பண்றேன் ஐயா. இத விடமாட்டேன்."

கிருஷ்ணசாமி பேப்பரை முழங்காலில் விரித்தார். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கினார்.

புதன்கிழமை அரை நாள் லீவு கேட்டாள்.

"எதுக்கு?" என்றார் பஞ்சாட்சரம்.

"ஒரு வேல இருக்குண்ணா."

"போய்ட்டு வா." அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. பொய் சொல்ல நேராததில் அவளுக்கு நிம்மதி.

மின்சார அலுவலகத்தில் பொறியாளர் மனுவைப் பொறுமையாகப் படித்தார். ஒவ்வொரு கிணற்றுக்கும் அவள் எழுதியிருந்த வோல்டேஜைப் பார்த்தார். கையெழுத்துகளுக்குப் பக்கத்தில் இருந்த மின் இணைப்பு சர்வீஸ் நம்பர்களை எண்ணினார்.

"நாப்பத்தோரு பேரும் போட்டிருக்காங்க. இது போதும்மா. நாளைக்கே ஆள் அனுப்பி அளக்கச் சொல்றேன். புது டிரான்ஸ்ஃபார்மருக்கு எழுதிடலாம்."

ஷீபாவுக்குக் கண் கலங்கியது. நன்றி சொல்லி எழுந்தாள்.

"உக்காரும்மா. இதையும் சேர்த்து அனுப்பணும்." அவர் பீரோவைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்தார். "இதே லைனுக்கு நாலு வருஷமா ஒருத்தர் மனு குடுத்துக்கிட்டே இருக்காரு. அவருக்கு அங்க நிலமும் இல்ல, கரண்ட் சர்வீஸும் இல்ல. அதனால ஒண்ணும் செய்ய முடியல."

"யாரு சார்?"

ஃபைலை அவள் பக்கம் திருப்பி வைத்தார். நாலு மனுக்கள். நாலிலும் ஒரே கையெழுத்து. கீழே 'செ. பஞ்சாட்சரம், மோட்டார் காயில் கட்டும் கடை, உத்திரமேரூர்.'

"சர்வீஸ் வச்சிருக்கிறவங்ககிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்கன்னு நானும் சொல்லிப் பாத்தேன். 'நான் போய்க் கேட்டா இதுலயும் எனக்கு என்னமோ லாபம் இருக்குதுன்னு நெனைப்பாங்க சார், எரிஞ்சாதான எனக்குப் பொழப்பு'ன்னு சொல்லிட்டாரும்மா."