வத்தோ, பெருக்கோ?

வற்றிய கடலில் நடக்கிறவன் சேற்றிலிருந்து காலைப் பிடுங்கும்போது ஒரு சத்தம் வரும். இளவயதில் கேட்ட அந்தச் சத்தம் வீரசிங்கத்தின் காதில் இன்னும் இருந்தது.

இப்போது அவர் கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில், மகன் வீட்டில் இருக்கிறார். சுற்றிலும் மலை. ஆனாலும் பின்னேரமானால் மருமகள் நிரஞ்சனியைக் கூப்பிட்டு, ஊரிலிருக்கும் அவளுடைய அப்பாவிடம் போனில் கேட்கச் சொல்வார்.

“பிள்ளை, ஊரில இப்ப வத்தோ, பெருக்கோ? கொப்பரிட்டைக் கேள்.”

பக்கத்து வீட்டு றம்லத்துக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. நிரஞ்சனிதான் சொன்னாள். யாழ்ப்பாணக் கரையில் கடல்நீர் ஏறுவது பெருக்கு, இறங்குவது வத்து. பள்ளிக்கூடப் புத்தகத்தில் வற்றுப்பெருக்கு என்று இருக்கிறதே, அதுதான். வத்தென்றால் நடந்துபோய் இறால் பிடிக்கலாம். பெருக்கென்றால் வள்ளத்தைத் தள்ளலாம்.

“அது சரி மகள். கண்டியில ஐயா எந்த வள்ளத்தத் தள்ளப் போறார்?”

நிரஞ்சனி சிரிக்கவில்லை.

அவள் வீரசிங்கத்தின் மகன் கிருஷ்ணராஜைத் தானே விரும்பிக் கட்டியவள். அன்றிலிருந்து அப்பா அவளுடன் பேசுவதில்லை. வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று சொல்ல எடுத்தபோதும், பேச்சு முடியுமுன் போனை வைத்துவிட்டார்.

அந்த மனிதரிடம்தான் மாமனார் தினமும் கடலைப் பற்றிக் கேட்கச் சொல்கிறார். அவள் கேட்பாள். அப்பா ஒரு சொல் சொல்வார். “வத்து.” அல்லது “பெருக்கு.” அவ்வளவுதான், வைத்துவிடுவார். அந்த ஒரு சொல்லை அவள் மாமனாரிடம் வந்து சொல்வாள்.

றம்லத்துக்குப் பொறுக்கவில்லை. கிழவருக்கு மூளை தட்டிவிட்டது, இல்லாவிட்டால் மருமகளை வேண்டுமென்றே சிறுமைப்படுத்துகிறார் என்று ஒழுங்கையில் நாலு பேரிடம் சொல்லியும்விட்டாள்.

ஒருநாள் அவள் வட்டிலப்பம் கொண்டுவந்த நேரம், நிரஞ்சனி குசினியில் சமைத்தபடி, போனை மேசையில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

“பெருக்கு,” என்றது அப்பாவின் குரல்.

போன் வைக்கப்படவில்லை. காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது.

“காத்தும் கடுமை.”

மறுபடி இரைச்சல்.

“நீ நேரத்துக்குச் சாப்பிடுறியோ?”

நிரஞ்சனி போனைத் தூக்கிக் காதோடு சேர்த்துப் பிடித்தாள்.

றம்லத் முன்பக்கம் வந்தாள். வீரசிங்கம் கதிரையில் இருந்தார். நேராகவே கேட்டாள்.

“ஐயா, கடல் ஏறினா என்ன, எறங்கினா என்ன? இங்க இருக்கிற ஒங்களுக்கு அது எதுக்கு?”

“எனக்கு எதுக்குப் பிள்ளை? நிலவைப் பாத்தாலே எனக்குத் தெரியும்.”

அவர் குசினிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“எங்கட கரையில, பகையாளி கேட்டாலும் வத்துப்பெருக்கைச் சொல்லோணும். சொல்லாட்டி அவன் கடல்காரன் இல்லை. மகள் வேற எதைக் கேட்டாலும் அந்த மனுசன் போனை வைப்பான். இதைக் கேட்டா, பதில் சொல்லாமல் வைக்கேலாது.”

தை மாதம் நிரஞ்சனிக்குப் பெண் குழந்தை பிறந்தது. யாழ்ப்பாண பஸ்ஸில் வந்து இறங்கிய அவளுடைய அப்பா, பேத்தியின் முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடியும்வரை அந்த வீட்டில்தான் இருந்தார்.