மூன்றாவது பட்டன்

முடங்கிப்போன வரன் தேடும் இணையதளத்தைப் போன மார்கழியில் எடுத்த பேக்கப்பிலிருந்து கதிரேசன் மீட்டான். அதற்குப்பின் அழித்த பக்கங்களெல்லாம் திரும்பி வந்துவிட்டன. தையிலும் மாசியிலும் தாலி கட்டியவர்கள் மறுபடியும் வரன் தேடிக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து பதறிப்போய் அழைத்தவர்களிடமெல்லாம், "பழைய பேக்கப்புங்க, சாயங்காலத்துக்குள்ள எடுத்துடறோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அடுத்து அழைத்தவள், ஆறு வருடங்களுக்கு முன் அவன் தாலி கட்டிய பூரணி.

"என்னங்க, அதுல உங்க போட்டோவும் இருக்கு."

"பழைய பேக்கப்பு பூரணி. நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி போட்டது."

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறாள் போலிருந்தது.

"நீலச் சட்டையில மூணாவது பட்டன் மட்டும் கறுப்பு நூல்ல தச்சிருக்கு. வேற நூல் இல்லாம போன தீபாவளிக்கு நான்தான் தச்சேன்."

"போட்டோவுல நிழல் விழுந்திருக்கும்" என்றான்.

இன்றும் அதே சட்டையைத்தான் போட்டிருந்தான். அவன் விரல்கள் அவனறியாமல் போய் அந்தப் பட்டனை மூடிக்கொண்டன.

"கையை எடுங்க" என்றாள் பூரணி, தொலைபேசியில்.