இரண்டாவது இணைப்பு

மதியம் ஃபைபர் இணைப்பு அறுந்ததும், ஏரிக்கரை வீட்டு ரவுட்டர் தானாக இரண்டாவது இணைப்புக்கு மாறியது. மர்யுத் அதைக் கைப்பேசியில் பார்த்துவிட்டுக் காப்பியை ஊற்றினாள்.

“ஏங்க்கா, ரெண்டாவதுன்னா ரவுட்டருக்குள்ள இருந்த அத்தானோட சிம்முதானே? அதத்தான் கழட்டிட்டியே?” என்றாள் தங்கை சிர்பா.

கணவன் தைஸ்தோ படகோடு ஏரியில் மூழ்கிய மறுமாதமே மர்யுத் அதைக் கழற்றிப் பொத்தான் டப்பாவில் போட்டிருந்தாள். உடல் கிடைக்கவில்லை. சிர்பா டப்பாவைத் திறந்தாள். சிம் இருந்தது. இணையமும் ஓடிக்கொண்டிருந்தது.

திரையில் சிக்னல் ஒரு கோடாக இருந்தது. காப்பி ஆறுவதற்குள் இரண்டானது. பிறகு மூன்று.

“கிட்ட வர்ற மாதிரி இருக்குக்கா.”

“உளறாம குடிடி.”

நான்காவது கோடு எழுந்ததும் சிர்பா வெளியே ஓடி, வாசற்கதவின் குறுக்கே துடைப்பத்தைச் சாத்திவிட்டுப் பின்கதவு வழியாக வந்தாள். அந்தக் கரையில் துடைப்பம் குறுக்கே நின்றால் வீட்டில் ஆளில்லை என்று பொருள். எப்பேர்ப்பட்ட உறவானாலும் தட்டாமல் திரும்பிவிடுவார்கள்.

கோடுகள் மூன்றாயின. இரண்டாயின.

“போகுதுக்கா,” என்று மூச்சுவிட்டாள் சிர்பா.

ஒன்றாகும்வரை மர்யுத் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய், துடைப்பத்தை எடுத்து உள்ளே வைத்தாள்.