ஊர் மலை எங்கே?

திண்டுக்கல்லிலிருந்து மாற்றலாகி வந்த அற்புதமேரி டீச்சருக்குச் சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை. மாணவி ஸ்வாதியின் அப்பா மாதேஷைப் பள்ளிக்கு வரவழைத்துவிட்டார்.

"இமயமலை, ஆரவல்லி எல்லாம் மேப்புல சரியாக் குறிச்சிருக்கா. உங்க ஊர் மலை எங்க இருக்குன்னு ஒரு மார்க் கேள்வி. இத்தாலின்னு எழுதியிருக்கா! நீங்கதான் சொன்னீங்களாமே?"

"ஆமாங்க டீச்சர். ஹார்பர் வரைக்கும் கொண்டு போயி விட்டதே நான்தாங்க."

"எதை?"

"மலையத்தாங்க. கிரானைட்டுன்னு அறுத்து அறுத்து என் லாரியிலதான் ஏத்துனாங்க. போன வாரம் கடைசிக் கல்லும் கப்பல் ஏறிடுச்சு. இப்ப அங்க வெறும் குட்டைதாங்க."

டீச்சர் விடைத்தாளில் தவறென்று போட்டிருந்த பெருக்கல் குறியை அடித்துவிட்டு, முழு மதிப்பெண் போடப் போனார்.

மாதேஷ் பதறினார்.

"அரை மார்க்கு போதுங்க டீச்சர். பாதி மலை ஜப்பானுக்குப் போயிருக்குதுங்க."