அவரே செய்த பூட்டு

நண்பகல் வெயில் இரும்புக் கதவில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. பூட்டுக்காரர் மண்டியிட்டு, பக்கத்து வீட்டில் வாங்கிய கம்பியை, தன் கையாலேயே செய்து மாட்டிய பூட்டுக்குள் விட்டுத் திருகுகிறார். நான்கு வயது மகள் உள்ளேயிருந்து பூட்டிக்கொண்டுவிட்டாள். திருப்பித் திறக்கும் வலு அந்தக் கைக்கு இல்லை; உள்ளே நின்று அழுகிறாள். சாவியும் உள்ளே, கருவிப் பெட்டியும் உள்ளே, அடுப்பில் வைத்த பாலும் உள்ளே. பால் தீயும் நாற்றம் கதவிடுக்கில் கசிகிறது. கம்பிதான் வளைகிறது, பூட்டு மசியவில்லை. சுவரோரம் மனைவி கண்ணை மூடி ஏதோ முணுமுணுக்கிறாள்.

"வாயை மூடிட்டு சும்மா இருடி! யோசிக்க விடு!"

"இருபது வருஷம் யோசிச்சுத்தானே இதைச் செஞ்சீங்க? கடவுளே வந்தாலும் திறக்க முடியாதுன்னு கடைக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் பீத்திக்கிட்டீங்களே!"

அவர் கம்பியை விட்டெறிகிறார். அது தெருவில் கிணுங்கி உருண்டு நிற்கிறது. அப்போதுதான் உறைக்கிறது: உள்ளே அழுகைச் சத்தம் நின்றுவிட்டது. கதவை ஓங்கி ஓங்கிக் குத்துகிறார். விரல் முட்டியில் தோல் உரிகிறது. கொதிக்கும் இரும்பில் நெற்றியை முட்டிக்கொண்டு, மேலே நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கத்துகிறார்:

"வாய்க்கொழுப்புல சொல்லிட்டேன்! வந்து திறந்து தொலை!"