தினமும்

காலை பத்து நாற்பது. மூன்றாவது படிவத்திலும் அதே பதில்தான் இருந்தது. ‘எங்காவது போய்விடலாம் என்று தோன்றுகிறதா?’ என்ற கேள்விக்கு எதிரே, பேனாவை அழுத்தி, ‘தினமும்.’

கண் ஆஸ்பத்திரியின் கவுன்சலர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்துக்கொண்டார். காலையிலிருந்து இது ஏழாவது ஆள். எதிரே உட்கார்ந்திருந்த பட்டறைக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு கருவிழியும் வெளுத்துப்போய், ஒன்பது வருடம் பார்வையில்லாமல் இருந்தவர். ஆறு மாதம் முன்பு இடது கண்ணுக்கு மாற்றுக் கருவிழி வைத்தார்கள். பார்வை வந்துவிட்டது. இன்று வலது கண்ணுக்கும் ஒன்று வந்திருந்தது. பன்னிரண்டு மணிக்குள் கவுன்சலர் கையெழுத்துப் போட்டால் அது இவருக்கு; போடாவிட்டால் வரிசையில் அடுத்தவருக்கு.

மனம் தளர்ந்தவர்கள் சொட்டு மருந்தை விட்டுவிடுவார்கள். மருந்து விட்டுப்போனால் வைத்த கருவிழி திரும்ப வெளுத்துவிடும். அதற்காகத்தான் பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் இந்தப் படிவம்.

அவர் மனைவி நாற்காலிக்குப் பின்னால் மருந்துப் பையோடு நின்றிருந்தாள்.

“நீங்க கொஞ்சம் வெளியே இருங்கம்மா. சார்கிட்ட தனியாப் பேசணும்.”

“சரிங்க மேடம்.” கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

“இப்ப சொல்லுங்க. உண்மையா எப்படி இருக்கீங்க?”

“எனக்கென்ன மேடம், ராஜா மாதிரி இருக்கேன். ஒன்பது வருஷமா வீட்டுல இவ்வளவு ஒட்டடை இருந்திருக்கு, எனக்கே தெரியாது. இப்ப உட்கார்ந்த இடத்துலேருந்தே ஒவ்வொண்ணாக் காட்டிட்டிருக்கேன்.”

“தூக்கம்?”

“படுத்தா கட்டைதான்.”

“முதல் மாசம் ராத்திரி நாலு தடவை முழிப்புன்னு இருக்கே.”

“யாரு, நானா? ராத்திரி மருந்துகூடத் தூக்கத்துலதான் மேடம். அவ இமையைத் தூக்கி விட்டுட்டுப் போயிடுவா. எனக்குத் தெரியவே தெரியாது.”

கவுன்சலர் ஓரத்தில் குறித்துக்கொண்டார்: மறைக்கிறார்.

“பார்வை வந்தப்புறம் சிலருக்கு மனசு சோர்ந்துபோறது சகஜம். அதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல.”

“சோர்வா? பெண்டாட்டி முகத்தை ஒன்பது வருஷம் கழிச்சுப் பார்த்துட்டுத் தாங்கிட்டேன். அதுக்கு மேல என்ன மனத்தைரியம் வேணும்?” தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். “காலைல கிளம்பினா சாயங்காலம்தான் வீடு. தெருத்தெருவா சுத்திட்டிருக்கேன். ஒரு கண்ணு பத்தலைன்னுதான் வந்திருக்கேன்.”

“அடுத்த கண்ணுக்கும் முதல்ல மணிக்கொரு தடவை மருந்து. மறுபடி ராத்திரியும்.”

“அவ இருக்காளே.”

கவுன்சலர் படிவங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். இதைச் சொல்வது அவருக்கு எப்போதும் பிடிக்காத வேலை.

“இன்னைக்கு என்னால கையெழுத்துப் போட முடியாதுங்க. மூணு மாசம் போகட்டும்.”

சிரிப்பு நின்றது. “என்ன மேடம் சொல்றீங்க? அடுத்தது எப்ப வருமோ! வருமோ வராதோ!”

“நீங்க எழுதிக் கொடுத்ததைப் பார்த்துத்தான் சொல்றேன்.”

“நான் எழுதினேனா? முதல் தடவை கட்டுப் போட்ட கண்ணோட எங்க எழுதறது? அப்புறமும் கவுன்டர்ல தாளை அவ கைலதான் கொடுத்தாங்க. ஒவ்வொரு தடவையும் அவதான் எழுதினா.”

அதுதான் அங்கே வழக்கம். நோயாளி சொல்லச் சொல்லக் கூட வந்தவர் எழுதுவார். தாளின் தலைப்பில் பெயர்கூட இருக்காது. பதிவு எண் மட்டும்.

“கொடுங்க இப்படி. இப்பத்தான் படிக்கிற கண்ணு இருக்கே.”

தாளை இடது கண்ணுக்கு அருகே பிடித்து, எழுத்துக்கூட்டிப் படித்தார். ‘சாப்பாடு இறங்குகிறதா? இல்லை.’ ‘உடல் வலி? எப்போதும்.’ ‘காரணமில்லாமல் அழுகை வருகிறதா? பல நாள்.’ அடுத்த வரியில் நின்றார். அதை வாய்விட்டுப் படிக்கவில்லை.

“இதுல ஒண்ணுகூட நான் சொன்னதில்ல மேடம்,” என்றார் மெல்ல. “என்னை அவ கேக்கவே இல்ல.”

மணி பதினொன்று ஐந்து. கவுன்சலர் எழுந்து போய்க் கதவைத் திறந்தார். வெளியே பெஞ்சில் அவள் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.

உள்ளே வந்ததும் கணவர் தாளை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“ஏன் இப்படிப் பண்ணினே? எனக்கு ரெண்டாவது கண்ணு வர்றது உனக்குப் பிடிக்கலையா?”

அவள் தாளைப் பார்த்தாள். பிறகு அவரை. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“உட்காருங்கம்மா,” என்றார் கவுன்சலர். “பயப்படாதீங்க. இதெல்லாம் நீங்க எழுதினதுதானே?”

“ஆமாங்க. கவுன்டர்ல கொடுத்து, ‘எழுதுங்கம்மா’ன்னாங்க. ஒளிக்காம எழுதச் சொன்னாங்க. எழுதினேன்.”

“அவரைக் கேக்காம எப்படிம்மா எழுதினீங்க?”

“எனக்கு எப்படி இருக்குன்னு எழுத அவரை எதுக்குங்க கேக்கணும்?”